மூலை அறைக்குப் பெயர்

“அந்த மூலை ரூமுக்கு என்ன பேர் போடறது?” என்று கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே அவள் கேட்டாள்.

“சும்மா” என்றார் வாசலில் நின்றிருந்த கணவர்.

அவள் வரைபடத்தில் அந்த அறைக்குள் ‘சும்மா’ என்று தட்டினாள்.

அவர் மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மனுஷர் பதில் சொன்னது இந்தக் கேள்விக்கு இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு அவர் கதவைத் திறப்பார், எங்கே கிளம்பிட்டீங்க என்று அவள் கேட்பாள், அவர் சும்மா என்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்புவதற்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? பல வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவர்களுக்குக் கேள்வி காதில் விழவேண்டிய அவசியமே இல்லை. நேரத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

சரி, வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள். கல்வி அலுவலகத்துக்கு அன்று மாலைக்குள் பள்ளிக்கட்டட வரைபடம் போயாக வேண்டும். ஒரு வார்த்தைதானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்துக்கும் பள்ளியின் தலைமையாசிரியைக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். இரண்டு பேருக்கு வைத்தாள்.

அவர் தெருமுனை வரை போனார். அங்கே மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். எதிர்க்கடைத் தையல்காரர், சார் காற்று வாங்குகிறார் என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்தார். அவ்வளவு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். மருத்துவமனையில் சொன்ன காரணம் நீளமாக இருந்தது. அவளுக்கு அதில் இதயம் என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது.

அவர் கட்டட வடிவமைப்பாளர். அவள் அவருடைய வரைபடக்காரி. அவர் மெல்லிய தாளில் பென்சிலால் கிறுக்குவார். அவள் அதைக் கணினியில் ஏற்றி, சுவருக்குச் சுவர் அளவு போட்டு, அறைக்கு அறை பெயர் எழுதி, மற்ற மனிதர்களுக்கும் புரிகிற மாதிரி ஆக்குவாள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். தன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால்தான் இவர் என்னைக் கட்டிக்கொண்டார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் சொல்வாள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவர் கடைசியாகத் தலையைக் கொடுத்த வேலை அந்தப் பள்ளிக்கூடம். ஒரு பழைய பிஸ்கட் கிடங்கில் வாடகைக்கு நடந்துகொண்டிருந்தது. எதைப் படிப்பது, யாரோடு உட்கார்ந்து படிப்பது, எப்போது போதும் என்று எழுந்துகொள்வது, எல்லாவற்றையும் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. சொந்தமாக மனை கிடைத்ததும் அவரிடம் வந்தார்கள். பிள்ளைகள் முடிவு செய்யும் பள்ளிக்கூடத்தை நான் எப்படித் தனியாக முடிவு செய்வது என்று கேட்டுவிட்டு, அவர் நேரே கிடங்குக்குப் போய்ப் பிள்ளைகளிடமே கேட்டார்.

சுதந்திரம் வேண்டும் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. கழிவறைத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழ வேண்டும் என்றார்கள். தண்ணீர்க் குழாய் குட்டையானவர்களுக்கும் எட்ட வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை வருவது முன்கூட்டியே தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று ஒருவன் இழுத்து இழுத்துக் கேட்டான். அவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். கடைசி வேண்டுகோளுக்காக வரைபடத்தில் நடைபாதை முழுவதும் மரப்பலகைத் தரை போட்டார். காரணம் தெரியாத தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, இந்த மரத்தரை ஒன்றே போதும் சார், உங்கள் ரசனையைச் சொல்ல, என்று நெகிழ்ந்து போனார்.

வகுப்பறைகளில் மேடை கிடையாது. முன்பக்கம், பின்பக்கம் என்பதே கிடையாது. கரும்பலகைகளுக்குச் சக்கரம் வைத்தார். எல்லா அறைக்கும் ஒரு வேலை இருந்தது, எல்லா வேலைக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்த மூலை அறையைத் தவிர. அதை மட்டும் மாதக்கணக்கில் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கதவு வைத்தார். ஜன்னலைத் தாழ்த்தினார். அது என்ன அறை என்று கேட்டால், இருக்கட்டும், சொல்றேன், என்பார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அறையின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வீட்டில் மிஞ்சியது அவளும் நாத்தனாரும். நாத்தனார் அவருக்கு மூத்தவர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஒரு பையோடு வந்தவர் போகிற பேச்சை எடுக்கவில்லை. முதல் காரியமாகத் தம்பியின் மேசையில் கிடந்த பென்சில்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். தம்பி உயிரோடு இருந்தவரை தன் மேசையில் யாரையும் கை வைக்க விடாதவர் என்பதால், அடுக்கும்போது ஒவ்வொரு பென்சிலுக்கும் கொஞ்சம் அழுதார்.

முதலில் கூப்பிட்டது கான்ட்ராக்டர். துக்கம் விசாரித்தார். சார் மாதிரி ஆள் கிடையாது என்றார். ஒரு சுவர் கோணலாக இருந்தால்கூடக் கோபிக்காமல், சுவருக்கே வருத்தமாக இருக்கும்படி அதைப் பார்ப்பார் என்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“மேடம், இந்த நேரத்துல இதைக் கேக்கக் கூடாது. ப்ளான்ல போட்டிருக்கீங்க, அதான். மத்ததெல்லாம் சரி. அந்த மூலை ரூமை மட்டும் சும்மா கட்டிக் குடுன்னா எனக்குக் கட்டுப்படியாகாது.”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“சாருக்காக ஒரு கதவு வேணா சும்மா போட்டுத் தரேன்” என்றார் அவர், பெரிய மனசோடு.

புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அது அடங்குகிற சிரிப்பாக இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். நாத்தனார் கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். தம்பி போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஆகவே புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி, செம்பிலிருந்த தண்ணீரை அவள் முகத்தில் அடித்தார். தொலைபேசியின் மறுமுனையில் கான்ட்ராக்டர், ரெண்டு கதவும் போட்டுத் தரேன் மேடம், அழாதீங்க, என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை நேரிலேயே வந்தார். அவருக்குச் ‘சும்மா’ வேறு பக்கமாக வலித்தது.

“பிள்ளைங்களே முடிவு பண்ணுவாங்கன்னு சொல்லித்தான் எல்லாரையும் சேத்திருக்கோம். ஏற்கனவே பெத்தவங்க, அங்க போனா பிள்ளைங்க சும்மாதான் இருக்குன்னு பேசறாங்க. அதை நாமளே பலகையில எழுதி மாட்டணுமா, சொல்லுங்க.”

தலைமையாசிரியை, தன்னிச்சைக் கற்றல் மையம் என்று வைத்தால் என்ன என்றார். வைக்கலாம், ஆனா சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடும், என்றார் காபி கொண்டுவந்த நாத்தனார். எங்க பள்ளியில மணியே கிடையாதுங்க என்றார் தலைமையாசிரியை, கொஞ்சம் பெருமையாக. நாத்தனார் காபியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார் போலப் பார்த்தார். முப்பது வருஷம் மணிக்குப் பிறந்து மணிக்கு வளர்ந்தவர் அவர். என் வகுப்பில் ஒரு பிள்ளையும் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று அன்று மாலை முழுவதும் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாகக் கல்வி அலுவலகத்திலிருந்து அலுவலர் பேசினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் இப்படியொரு வரைபடம் வந்ததில்லை.

“மேடம், இந்த ரூம்ல சும்மான்னு இருக்கே, அது சும்மா போட்டதா?”

“சும்மான்னுதான் போட்டது சார்.”

“அதான் கேக்கறேன். சும்மா போட்டதுன்னா எடுத்துடுங்க.”

“சும்மா போட்டது இல்ல சார். சும்மான்னு போட்டது.”

மறுமுனையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

“மேடம், நான் இங்க சும்மா உக்காந்திருக்கல” என்றார் அலுவலர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். அவரிடம் ஓர் அட்டவணை உண்டு. வகுப்பறை, ஆய்வகம், நூலகம், கழிவறை, பண்டக அறை, இதர என்று அதில் இருக்கிறது. எந்த அறையானாலும் அதில் ஒன்றில் விழ வேண்டும். இதரவில் போடலாம்தான், ஆனால் இதர என்றால் என்ன என்று மேலே கேட்பார்கள். ஒரு வார்த்தையை மாற்றி அனுப்பினால் மறுநாளே கையெழுத்து. மாற்றாவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கும். மழைக்கு முன்னால் அஸ்திவாரம் போடாவிட்டால் வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும், கிடங்குக்காரரோ அதுவரை பொறுக்கமாட்டேன் என்கிறார், இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தானே கூப்பிட்டதாகச் சொன்னார்.

மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. தினமும் சாயங்காலம் அவள் கோப்பைத் திறப்பாள், மூலை அறைக்குப் போவாள், அந்த வார்த்தையின் மேல் அம்புக்குறியை வைப்பாள், மூடிவிடுவாள். நாத்தனார் இதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நூலகம்னு போட்டுட்டு எழுந்து வா, அத்தனை பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கப் போகிறார்கள் என்றார்.

“அதுதான் அவர் கடைசியா எங்கிட்ட சொன்னது அக்கா” என்றாள் அவள்.

நாத்தனார் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்கிட்டயா சொன்னான்? கதவைத் தொறந்துகிட்டே சொன்னான். கதவுகிட்ட சொன்னான்.”

சொன்ன உடனே அவருக்கே வருத்தமாகிவிட்டது. எழுந்து போய் இன்னொரு காபி போட்டுக்கொண்டு வந்தார். தம்பி சின்ன வயதில் ஓட்டுமேல் ஏறி உட்கார்ந்திருப்பான், ஏன்டா ஏறினே என்றால் சும்மா என்பான், பக்கத்து வீட்டு நாயை அவிழ்த்து விடுவான், ஏன்டா என்றால் சும்மா என்பான் என்றார். அம்மா அடித்துக் கேட்டாலும் அதேதான். அவன் அகராதியில் அதற்கு, போய் உன் வேலையைப் பார் என்று அர்த்தம் என்றார். அவளுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்த கதைகள். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம் என்று தலைமையாசிரியை கிடங்கில் கூட்டம் வைத்தார். அலுவலரும் வர ஒத்துக்கொண்டார். கட்டடக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் பெரியவர்களோடு மூன்று பிள்ளைகளுக்கும் இடம், அவர்களுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. மூவரில் இரண்டு பேர் பெரும்பாலும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். மூன்றாவது, பதினோரு வயதுப் பெண். எங்கேயோ ஒரு பட்டிமன்றத்தில் ஆட்சேபணை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்தவள் அதன்பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. பள்ளியில் அவளுக்குப் பெயரே ஆட்சேபணைதான். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

கிடங்கில் பெரியவர்கள் உட்காருகிற உயரத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் பெஞ்சில் எல்லாரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அலுவலர் தன் கோப்பை வைக்க மடி கிடைக்காமல் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர் போல இருந்தார். சுவரில் இன்னும் பிஸ்கட் வாசனை இருந்தது. அங்கே நடக்கும் எந்தக் கூட்டத்திலும் அரைமணிக்கு மேல் யாராலும் பசியில்லாமல் பேச முடியாது. அழைக்காமலே வந்திருந்த நாத்தனார், முழு உயரத்துக்கு நின்றுகொண்டார். நின்று பழகிய தொழில்.

அவள் தயாராக வந்திருந்தாள். வார்த்தையை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். எழுந்து நின்று, என் கணவர் இந்த அறைக்குச் சும்மா என்று பெயர் வைத்ததற்கு ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு என்று ஆரம்பித்தாள். படிப்பதைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைக்குப் படிக்காமல் இருப்பதையும் தேர்ந்தெடுக்க ஓர் இடம் வேண்டும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் அடுத்து என்ன செய்யலாம் என்பது மனசில் முளைக்கும். இப்படியே போயிற்று. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, நாக்கில் தங்குதடை இல்லாமல் வந்தது. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்றோருக்கு இதை அப்படியே அச்சடித்துக் கொடுக்கலாம் என்றார். கான்ட்ராக்டர் தலையை ஆட்டினார். அலுவலர்கூட, இதரவில் போட்டு இந்தக் காரணத்தை எழுதினால் மேலே ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்றார். நாத்தனார் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடத்தை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்ட டீச்சரின் பார்வை அது.

“ஆட்சேபணை” என்றாள் அந்தப் பெண்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“ப்ளான் அங்கிள் எங்ககிட்ட அப்படிச் சொல்லலையே ஆன்ட்டி. இந்த ரூம்ல என்ன வேணும்னு எங்களைத்தான் கேட்டாரு. நாங்க சண்டை போட்டுக்கிட்டோம். இவன் கேரம் போர்டுன்னான். அவ முயல் வளக்கணும்னா. சரி, கட்டி முடிச்சு உள்ள வந்தப்புறம் நீங்களே சொல்லுங்கன்னுட்டாரு. அவர் பேர் வைக்கமாட்டேன்னாரு.”

முயல் என்றதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். ஆமாம் என்று தலையசைத்தாள்.

வரைபடக்காரிக்குக் காது சூடாகிவிட்டது. மாதக்கணக்கில் இருக்கட்டும், சொல்றேன் என்று அவர் தள்ளிக்கொண்டே போனது நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் சொல்லாததை அவர் எப்படிச் சொல்வார்? நின்றபடியே, மெதுவாக, நடந்ததைச் சொன்னாள். நான் கேட்டது அறையின் பெயர். அவர் பதில் சொன்னது, எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு. அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. திரும்பி வந்ததும் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலைமையாசிரியை கைக்குட்டையை மடித்தார். கான்ட்ராக்டர் கூரையின் விரிசலை ஆராய்ந்தார். கடைசியில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, நாத்தனாரிடமிருந்து. வாயைப் பொத்திக்கொண்டும் வந்தது. அவன் அப்படித்தான், எதைக் கேட்டாலும் அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்போ பேர் வைக்கறது எங்க வேலை” என்றாள் ஆட்சேபணை. “அதுவரைக்கும் சும்மா இருக்கட்டும்.”

அலுவலர் பேனாவைத் திறந்தார். சும்மா இருக்கட்டும் என்பதை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்தார். பிறகு, இதர, மாணவர் முடிவுக்கு உட்பட்டது, என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். இன்னொரு முறையும் படித்தார். இத்தனை வருஷ வேலையில் இப்படியொரு வாக்கியம் எழுதியதில்லை என்று முகத்தில் தெரிந்தது. மறுநாளே கையெழுத்தாயிற்று.

வேலை ஆரம்பித்ததும் அவளுக்கு மெல்ல ஒரு நம்பிக்கை வந்தது. மனையில் எல்லார் வாயிலும் அந்த அறைக்கு அதுதான் பெயராகிவிட்டது. சும்மாவுக்கு ரெண்டு மூட்டை சிமெண்ட் கொண்டு போ என்பார்கள். சும்மாவில் தண்ணீர் ஒழுகுகிறது என்பார்கள். வேலையாட்கள் எங்கே என்று கான்ட்ராக்டர் கத்தினால், சும்மாவில் இருக்கிறார்கள் என்று பதில் வரும், அதைக் கேட்டு அவர் இன்னும் கத்துவார். ஊர் கூடிக் கூப்பிட்டுப் பழகிய பெயரைப் பிள்ளைகள் எங்கே மாற்றப் போகிறார்கள்? அவள் வாரத்துக்கு இரண்டு முறை அளவு பார்க்கப் போனாள். ஒரு முறை போதும்தான்.

குடிபுகுந்த பிறகு முதல் வேலையாக ஓட்டெடுப்பு வைத்தார்கள். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓட்டு கிடையாது, பார்க்கலாம். கேரம் நின்றது, முயல் நின்றது, யாரோ ஒரு நல்ல பிள்ளை சும்மாவையும் நிறுத்தியது. அதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசியாக ஆட்சேபணை எழுந்தாள். மழை பெய்தால் வெளியே கழற்றிப் போடுகிற செருப்பெல்லாம் நனைகிறது, நாய் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, நேற்றுகூட ஒரு பையன் இரண்டு இடதுகால் செருப்போடு வீட்டுக்குப் போனான், ஆகவே அந்த அறை செருப்பு அறையாக இருக்கட்டும் என்றாள்.

தலைமையாசிரியையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மாணவர் சுயமாகத் தேர்ந்தெடுக்கும் கல்விக்காக வடிவமைக்கப்பட்ட கட்டடத்தின் மிக அழகான அறை. இரண்டு கதவு, தாழ்ந்த ஜன்னல். அவர் குரலை மென்மையாக்கிக்கொண்டு, சும்மா என்ற பெயரும் நன்றாகத்தானே இருக்கிறது, யோசித்துப் பாருங்களேன் என்றார். ஒருகாலத்தில் அதை எதிர்த்தவர் அவர்தான்.

“அது பேர் இல்ல மிஸ்” என்றாள் ஆட்சேபணை. “அது பதில்.”

அப்படிச் சொல்லிவிட்டு, வரைபடக்காரி பக்கம் திரும்பி, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்பது போலப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள். சரியாகச் சொன்னாய் என்றா, பரவாயில்லை என்றா, அவளுக்கே தெரியாது.

செருப்பு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. முயலுக்கு எதிர்பார்த்ததைவிட அதிக ஓட்டு.

கட்டடம் முடிந்ததும், கட்டியதைக் கட்டியபடியே காட்டும் ஒரு வரைபடத்தை அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தாள். நாத்தனார் பின்னால் வந்து நின்றார். நான் வேணா தட்டட்டுமா என்று கேட்டார். அவருக்குக் கணினியில் எதைத் தொட வேண்டும் என்றே தெரியாது. வேண்டாம் அக்கா என்றாள்.

அழிக்கிற விசையை ஒருமுறை தட்டினால் ஒரு வார்த்தை முழுசாகப் போய்விடாது. முதலில் கால் போயிற்று. சும்ம என்று நின்றது. அடுத்த தட்டலில் சும். அடுத்ததில் புள்ளி போய்ச் சும என்றாயிற்று, என்னவோ சுமக்கச் சொல்கிற மாதிரி. பிறகு சு. நாயை விரட்டுகிற மாதிரி இருக்கு என்றார் நாத்தனார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மீதியையும் அழித்தாள். அறை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு செருப்பு அறை என்று தட்டினாள். எழுத்து கொஞ்சம் நீளம். சுவரில் இடித்தது. அளவைக் குறைத்து நடுவில் வைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் நாத்தனார். பிறகு, “அவன் இருந்தா சந்தோஷத்துல குதிச்சிருப்பான்” என்றார்.

சில மாதம் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டார். செருப்பு அறையைப் பற்றி மாணவர் தரப்பிலிருந்து ஒரு புகார், வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா என்றார். அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். நடைபாதையில் காலடி வைத்ததுமே மரத்தரை கிறீச்சிட்டது. உள்ளே எங்கோ பேச்சு சட்டென்று நின்றது. வருவது அவள்தான் என்று தெரிந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

அறைக்குள் சுவர் நெடுகச் செருப்புகள். நடுவில் பிள்ளைகள். ஒரு கால் மாட்டியவர்கள், ஒரு காலும் மாட்டாதவர்கள். செருப்பு போட இவ்வளவு நேரம் ஆகுமா என்று கேட்கத் தோன்றும்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து மற்றவனுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்தான். நாத்தனார் கூட வராதது நல்லதாயிற்று. நாற்றம் சொல்லி மாளாது.

ஆட்சேபணை அவளைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப் போனாள். ஈரச் செருப்பு காயவே மாட்டேன் என்கிறது, இங்கே வெயிலே வருவதில்லை, ஏதாவது பண்ணுங்கள் என்றாள். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். நாடாவை இழுத்து, தேவையில்லாமல், ஓர் அளவு எடுத்தாள். இன்னொரு ஜன்னல் போட்டுத் தரலாம், காற்றுக்கு மேலே ஒரு திறப்பு வைக்கலாம், கான்ட்ராக்டரிடம் சொல்கிறேன் என்றாள்.

“வெயில் வருமா?”

“வெயில் வராதும்மா.”

“அங்கிள் ஏன் இந்தப் பக்கம் வெச்சாரு?”

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். கதவை மாற்றலாம், ஜன்னலை மாற்றலாம், பெயரை அடுத்த வருஷம் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்றாள். ஆனால் அந்த அறை வடக்குப் பார்த்தது, அதை மாற்ற முடியாது.